பின்னாலிருந்து சொல்லுங்கோ

எண்களைச் சொல்லி அவற்றைப் பின்னாலிருந்து திருப்பிச் சொல்லச் சொல்வதுதான் மறதிக் கிளினிக்கில் என் வேலை. வீட்டில் ஒருவரின் மறதியைப் பார்த்துப் பயந்தபடி இருக்கிறவர்களே, என் பிள்ளை நித்திரையானபிறகு உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இங்கே வருகிறவர்கள் எல்லாம் மறந்தவர்கள் இல்லை. தலைக்குள் ஒன்றைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றைச் செய்வதுதான் இவர்களுக்குக் கொஞ்சம் வழுக்குகிறது. எல்லாருக்கும் அது நாளாக நாளாகக் கூடுவதுமில்லை.

டியூசன்

நல்லூரிலிருந்து ஓய்வுபெற்ற தபால் அதிபர் ஒருவர் வந்தார். நான் வாய் திறக்க முதலே, "ஒன்பது, இரண்டு, ஏழு" என்றார். போன கிழமை வந்துபோன பக்கத்து வீட்டுக்காரரிடம் விடையைக் கேட்டு, மனைவி பாடமாக்கி விட்டிருக்கிறா. நான் எண்களை மாற்றினேன். மனுசன் திகைத்துக் கதவைப் பார்த்தார். அங்கே நின்ற மனைவி என்னிடம் சொன்னா:

"மிஸ், சிலபஸிலை இல்லாததைக் கேட்டால் அவர் என்ன செய்யிறது?"

படம்

குருநகரில் கடல்தொழில் செய்த ஒருவருக்கு டொக்டர் மூளையின் ஸ்கான் படத்தைக் காட்டினார். புதிதாக நடப்பதைப் பதிந்துவைக்கிற பகுதி கொஞ்சம் சுருங்கியிருக்கிறதாம். அதன் வடிவத்தைப் பார்த்துக் கடற்குதிரை என்று பெயர் வைத்திருக்கிறார்கள் என்றும் சொன்னார். பக்கத்திலிருந்த மனைவி கண்ணைத் துடைத்தா. அவர் அவவின் கையைப் பிடித்தபடி படத்தை உற்றுப் பார்த்தார்.

"இவ்வளவு சின்னனெண்டால் நாங்கள் திருப்பிக் கடலிலை விடுறனாங்கள், டொக்டர்."

அப்பா

கணவர் கொழும்பில். என் மூன்று வயது மகளை நேர்சரியிலிருந்து சைக்கிளில் ஏற்றி வருகிறவர் அப்பா. கொஞ்ச நாளாகக் கடைக்குப் போனால், என்ன வாங்க வந்தேன் என்று பாதி வழியில் நின்றுவிடுகிறார். மத்தியானம் நேர்சரி விடுகிற நேரமானால் எனக்கு வேலையில் கை ஓடாது. சைக்கிளை விடுங்கோ என்று சொல்லவும் வாய் வரவில்லை. மகளை ஏற்றி வருவதற்காகத்தான் அவருக்கு ஒவ்வொரு நாளும் விடிகிறது.

போன கிழமை அவராகவே கிளினிக்குக்கு வந்து, என் மேசைக்கு முன்னால் இருந்தார். நாலு எண் சொன்னேன். அப்படியே சொன்னார். "பின்னாலிருந்து சொல்லுங்கோ, அப்பா" என்றேன். இரண்டு எண்ணோடு நின்றுபோனார். மற்றவர்களிடம் என்றால் அடுத்த கேள்விக்குப் போயிருப்பேன். அப்பாவுக்கு அதே எண்களைத் திரும்பச் சொல்ல வெளிக்கிட்டேன். அவர்தான் கதைத்தார்:

"பிள்ளை, அவளை வழியிலை எங்கையும் இறக்கி விட்டிட்டு மறந்து வந்திட்டனெண்டால், நான் ஆரிட்டைப் போய்க் கேக்கிறது? எங்களோடை வர ஒராளைப் பிடி."

இப்போது அப்பா ஓட்டோவில் போய் மகளை மடியில் வைத்துக் கூட்டி வருகிறார். அந்த ஓட்டோக்காரரிடமும் நாலு எண்ணைப் பின்னாலிருந்து சொல்லச் சொல்லிக் கேட்டபிறகுதான் அவரை வேலைக்குப் பிடித்தேன்.