புகையில்லை, பனி

பெருங்களத்தூரில் ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிய சந்தில் அமீருதீனுக்குச் சின்னதாக ஒரு கார் ஏசி பட்டறை. இருபத்திரண்டு வருஷமாக அடுத்தவர் வண்டிகளைக் குளிர வைத்தவர், தனக்கென்று ஒரு கார் வாங்கியது போன ஐப்பசியில்தான். பழைய வண்டி. அதன் ஏசியை அவரே பிரித்து, கழுவி, புதிதாகக் காஸ் ஏற்றினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் மனைவி நஃபீசாவை முதன்முதலாக அதில் ஏற்றிக்கொண்டு தாம்பரம் மார்க்கெட்டுக்குக் கிளம்பினார். முன் சீட்டில் அவருடைய டூல்ஸ் பை கிடந்தது.

"இரு, எடுத்துடறேன்."

"கெடக்கட்டும். பின்னாடி உக்காந்தாதான் முதலாளியம்மா மாதிரி கீது" என்று சிரித்தபடி, டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஏறிக்கொண்டாள். நல்ல மழை. ஏறுவதற்குள் புடவை பாதி நனைந்துவிட்டது.

இரும்புலியூர் தாண்டியதும், பிரஷர் மாத்திரை தீர்ந்துபோனது அவளுக்கு ஞாபகம் வந்தது. மழை விட்டிருந்தது, ஆனால் புழுக்கம் தாங்கவில்லை. மருந்துக்கடை எதிரே வண்டியை ஓரங்கட்டி, ஏசியை முழு வேகத்தில் வைத்துவிட்டு அமீருதீன் இறங்கினார்.

கடையில் மாத்திரைப் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பிரேக் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தார். காரின் வலப்பக்கக் கதவு திறந்து கிடந்தது. சாலையில் நஃபீசா விழுந்து கிடந்தாள். ஒரு ஷேர் ஆட்டோ குறுக்காக நின்றிருந்தது. "கதவத் தொறந்துகினு திடீர்னு குதிச்சிட்டாங்க அண்ணா" என்று அந்த ஆட்டோக்காரர் தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் அவளுக்கு நினைவு திரும்பியது. முதலில் கேட்டது வண்டியைப் பற்றித்தான்.

"எரிஞ்சி போச்சாங்க?"

"எது?"

"நம்ம காரு. நீங்க எறங்கின ஒடனே முன்னாடி ஓட்டையிலேருந்து வெள்ளையா பொகை வந்துச்சே."

அமீருதீனுக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது.

"அது பொகை இல்லம்மா, பனி. மழைநாள்ல காத்துல ஈரம் சாஸ்தி. ஏசியோட குளிர் பட்டா அந்த ஈரம் பொடிப்பொடித் தண்ணியா மாறி வெள்ளையா தெரியும். உள்ள ஈரம் கொறஞ்சா தானா நின்னுடும். ஒண்ணும் பண்ணாது."



"அவ்ளோதானா? சொல்லியிருக்கலாமேங்க."

குரலில் கோபம் இல்லை. மறுநாள் காலை அவள் இறந்துபோனாள்.

இரண்டு மாதம் பட்டறை பூட்டியே கிடந்தது. நர்சிங் படிக்கும் மகள் சோயா ஒருநாள் தட்டில் சோற்றைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சிருப்பீங்க அத்தா."

"நெனச்சிருந்தாதான் பரவால்லியே. நான் அதப் பத்தி நெனைக்கவே இல்லம்மா."

தை மாதம் பட்டறையைத் திறந்தார். முதல் வாரமே சிட்லபாக்கத்திலிருந்து வினிதா என்றொரு பெண் வந்தாள். "ஏசி போட்டா புகை வருது பாய். குழந்தைய கூட்டிட்டுப் போகவே பயமா இருக்கு."

அதே புகார். இத்தனை வருஷத்தில் நூறு பேர் வந்து சொல்லியிருப்பார்கள். "ஒண்ணுமில்ல, போங்க" என்று ஒரே வார்த்தையில் அனுப்பிவிடுவது அவர் வழக்கம். அன்று அவளை அவள் காருக்குள்ளேயே உட்கார வைத்தார். கதவுகளைக் கொஞ்ச நேரம் திறந்து போட்டு, தரையில் வெந்நீர் வாளி ஒன்றை வைத்து, பிறகு மூடிவிட்டு ஏசியைப் போட்டார். வெள்ளையாக வந்தது. அவள் பின்னால் சாய்ந்தாள்.

"கையக் காட்டுங்கம்மா. சில்லுனு கீதா? மோந்து பாருங்க. பொகைன்னா தீஞ்ச வாடை வரும், கண்ணு எரியும். அப்பிடி வந்தா மட்டும் வண்டிய ஓரங்கட்டி எறங்கணும். அதுவும் ரோட்டுப் பக்கம் கதவத் தொறக்காதீங்க. எப்பவும்."

கடைசி வார்த்தையில் குரல் உடைந்தது. "என்ன ஆச்சு பாய்?" என்று வினிதா பதறினாள். அவர் குழாயடிக்குப் போய், கையில் அழுக்கே இல்லாதபோதும் வெகுநேரம் கழுவிக்கொண்டிருந்தார்.

அந்தக் காரை மாசியில் வண்டலூர்க்காரர் ஒருவருக்கு விற்றார். சாவியைக் கொடுத்துவிட்டு அவரும் சோயாவும் மின்சார ரயிலில் திரும்பினார்கள். பெட்டியில் இடம் நிறைய இருந்தது. இரண்டு பேருக்குமே உட்காரத் தோன்றவில்லை.