பின்சீட்டில் தூக்கம்

ஆரல்வாய்மொழி பெட்ரோல் பங்கில் நான் வேலை பார்த்தபோது ஒருவர் பழைய காரில் வருவார். சட்டைப் பொத்தான்களை எப்போதும் மாற்றிப் போட்டிருப்பார். பின்சீட்டில் அவர் மனைவி, தலையில் துண்டு கட்டிக்கொண்டு தூங்குவார். திருவனந்தபுரம் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள். பெட்ரோல் போட்டதும் அவர் பெட்ரோலோடு கலக்கும் ஆக்டேன் பூஸ்டர் திரவப் பாட்டிலைத் திறந்து டேங்கில் ஊற்றுவார்.

“அண்ணாச்சி, இது பிளக்கைக் கெடுத்துரும்னு மெக்கானிக்மார் சொல்லுதாவ. பின்ன எதுக்கு ஊத்துதிய?”

“ஊத்தலன்னா ஏத்தத்துல எஞ்சின் டக்டக்னு தட்டும் மக்கா. அவ முழிச்சிருவா. முழிச்சா வலிக்கும். வண்டி கெட்டாக் கெடட்டு.”

கடைசியாக வந்தபோது பின்சீட்டில் தலையணை மட்டும் கிடந்தது. அன்று அவர் பாட்டிலை எடுக்கவில்லை. எதிர்காற்றில் எஞ்சின் தட்டிக்கொண்டே போனது. அந்தச் சத்தம் மறையும்வரை அடுத்த வண்டிக்கு நான் பெட்ரோல் போடவில்லை.