குலமண்ணையின் யப்பான் மேளம்

வெள்ளிக்கிழமை நடன வகுப்பின் நடுவில் தொலைபேசி வந்தது. "தங்கச்சி, இவர் போயிட்டார்" என்றார் குலமண்ணையின் மனைவி ராணியக்கா. பிள்ளைகள் அரைமண்டியில் நின்றபடி என் முகத்தைப் பார்த்தார்கள். தாளம் தட்டும் தட்டுக்கழியைக் கீழே வைத்தேன், எடுத்தேன், மறுபடியும் வைத்தேன். இங்கே ஜேர்மனியின் எசன் நகரில் என் மாணவிகளின் அரங்கேற்றங்களுக்கெல்லாம் மிருதங்கம் வாசித்தவர் அவர். இருந்த இடத்தில் இருக்கத் தெரியாத மனிதர். அவரோடு ரயிலில் போனவர்களுக்குத் தெரியும், முன் இருக்கையின் முதுகிலும் தாளம் போடுவார்.

போன வருடம் பாரிசவாதம் வந்து இடக்கை தளர்ந்தது. அடுத்த அரங்கேற்றம் நெருங்கிக்கொண்டிருந்தது. எங்கள் வழக்கம் தெரியும்தானே? நோயாளியிடம் பழப்பையைக் கொடுத்து, நல்லதாக நாலு சொல் சொல்லிவிட்டு வருவோம். அண்ணை வாசித்துக் காட்டினால் எல்லோரும் "முந்தின மாதிரியே இருக்கண்ணை" என்பார்கள். அவருக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வரும். "உண்மை சொல்ல ஒரு சனம் இல்லையோ?" என்று ஒருநாள் கத்தினார்.

யப்பானியர் நிறைய வாழும் பக்கத்து நகரான டுசல்டோர்ஃபில், நாடு திரும்பும் ஒரு குடும்பம் விற்ற பொருளொன்றை அண்ணை வாங்கி வந்தார். தொலைக்காட்சியோடு பொருத்தும் விளையாட்டு, கூடவே ஒரு பிளாஸ்டிக் மேளம். திரையில் சிவப்பு வட்டம் வந்தால் நடுவில் அடிக்க வேண்டும், நீலம் வந்தால் விளிம்பில். பிந்தினால் பிழை காட்டும். அண்ணை அதோடு வந்த தடிகளை எறிந்துவிட்டுக் கையாலேயே அடித்தார். "இதுக்கு என்ர முகம் தெரியாது தங்கச்சி. பொய் சொல்லாது." பிழை, பிழை, மறுபடியும் பிழை. கடைசியில் எனக்குத் தொலைபேசி எடுத்து, "பாரிசிலயிருந்து வேற ஆளைக் கூப்பிடுங்கோ, எனக்கு ஏலாது" என்று வைத்துவிட்டார்.

நேரே வீட்டுக்குப் போனேன். கோபத்தில் நானே உட்கார்ந்து அடித்தேன். எனக்கும் பிழை! இத்தனை காலம் நட்டுவாங்கம் செய்த கை பிந்துமா? புதிதாக வாங்கிய தட்டைத் தொலைக்காட்சிதான் படத்தைப் பிந்திக் காட்டுகிறது என்றேன். "நீங்களும் ஆறுதல் சொல்ல வெளிக்கிட்டியளோ?" என்று சீறினார். அன்று ஸ்பெர்முல் எனும் பெருங்குப்பை நாள், தெரு முழுக்க ஆட்கள் வேண்டாத சாமான்களை வாசலில் வைத்திருந்தார்கள். பழைய பெட்டித் தொலைக்காட்சியில் படம் பிந்தாது என்று, அதில் கிடந்த ஒன்றை ராணியக்காவும் நானும் மூச்சிரைக்கப் படியேற்றினோம். அண்ணை பின்னால் நின்று அதட்டிக்கொண்டே வந்தார்.

நல்லகாலம், அது வேலை செய்தது. அதில் வலக்கை தவறவேயில்லை. இடக்கை மட்டும் வேகமான இடங்களில் சறுக்கியது. அண்ணை துள்ளினார். "எங்க பிழையெண்டு தெரிஞ்சால் அதைச் சுத்திப் போகலாம்!"

அரங்கேற்றத்துக்கு அவரே வாசித்தார். மண்டபம் கைதட்டி ஓய்ந்ததும் என்னிடம் வந்து "எப்பிடி?" என்றார்.

"தில்லானாவில ஒரு இடத்தில தாளம் விழுந்தது அண்ணை. மற்றதெல்லாம் நல்லா இருந்தது."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "இப்பதான் அந்த 'நல்லா'வை நம்பலாம்" என்றார்.

நேற்று மயானத்தில் ராணியக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "எல்லாரும் நிம்மதியாப் போனாரெண்டு சொல்லினம். நீங்களும் அப்பிடித்தான் நினைக்கிறியளோ?"

ஓம் என்றிருக்கலாம். வரவில்லை. "இல்லையக்கா. அடுத்த அரங்கேற்றத்துக்கு என்ன உருப்படியெண்டு வியாழக்கிழமையும் கேட்டவர். அவருக்குப் போக மனமில்லை" என்றேன்.

அதுவரை அழாதிருந்த அக்கா வாய்விட்டு அழுதார். ஆறுதலுக்கும் பொய் சொல்ல வராத இந்த வாயைத்தான் அண்ணை எனக்கு விட்டுப் போயிருக்கிறார்.