கீழ் வீட்டு மாமாவின் காது

வீட்டுக்குள்ளேயே சைக்கிள் மிதித்துப் பயிற்சி செய்ய ஒரு சாதனம் வாங்கலாம் என்று ஆழ்வார்பேட்டைக் கடைக்குப் போயிருந்தேன். எனக்கு முன்பே ஓர் அம்மாள் வந்திருந்தார். அறுபதைத் தாண்டிய வயது, சுடிதார், ஸ்போர்ட்ஸ் ஷூ. ஒவ்வொரு முறை சாதனத்தில் ஏறுவதற்கு முன்பும் துப்பட்டாவை இறுக்கிக் குறுக்காகக் கட்டிக்கொண்டார்.

விற்பனையாளர் திரை, ஆப் என்று அடுக்கிக்கொண்டே போனார்.

"அதெல்லாம் இருக்கட்டும். கீழாத்து மாமாவுக்குச் சத்தம் கேக்கப்படாது," என்றார் அம்மாள்.

நாற்காலியை நகர்த்தினாலே மாடியேறி வந்து சண்டை போடுவாராம். அந்த மாமாவையே அழைத்து வந்து, கடைக்கு அடியிலிருந்த கிடங்கில் உட்கார வைத்திருந்தார்!

முதல் சாதனத்தை மிதித்தார். "மிக்ஸி ஓடறது!" என்று கீழேயிருந்து குரல் வந்தது. இரண்டாவதற்கு, "இது கிரைண்டர்!"

மூன்றாவதை வியர்க்க வியர்க்க மிதித்தார். கீழே பேச்சு மூச்சில்லை. தூங்கிவிட்டாரோ என்று நான் படியில் இறங்கி எட்டிப் பார்த்தேன். மாமா எரிச்சலோடு நிமிர்ந்தார்.

"எப்போதான் ஆரம்பிக்கப்போறேள்?"

"முடிச்சே ஆயிடுத்து மாமா!" பந்தயத்தில் ஜெயித்தவரைப் போல அம்மாள் இரண்டு கைகளையும் உயர்த்தினார். கடையே கை தட்டியது.

நானும் யோசிக்காமல் அதையே வாங்கி வந்தேன். நான் குடியிருப்பது தரைத்தளத்தில்.