தோளைத் தட்டாமல் வந்துவிட்டேன்

எல்லாரும் சுகமாய் இருக்கிறீர்களா, உறவுகளே? கொலோன் பக்கம் மழை விட்டதா?

டேல் அண்ணை போய்விட்டார். இன்று காலை அவருடைய மனைவி இங்கிரிட் போன் எடுத்துச் சொன்னா.

அமெரிக்கர். ஆமியில் சிப்பாயாய் ஜெர்மனிக்கு வந்து, இங்கேயே கலியாணம் கட்டித் தங்கியவர். ஆஸ்பத்திரிக் கட்டில் விரிப்புகள் தோய்க்கும் எங்கள் லாண்டரியில், நான் நிற்கும் அதே அயன் மெஷினில் காலை ஷிப்ட். இரண்டு மணிக்கு அவர் விட, நான் பிடிப்பேன்.

என்னைவிடப் பதினைந்து வயது மூப்பு. 'அண்ணை' என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார். மற்றக் கதையெல்லாம் ஜெர்மன் மொழியில்தான், உங்களுக்கு எங்கள் தமிழில் சொல்கிறேன்.

அவருடைய ஊரைப் பற்றிச் சொல்லவேண்டும்... அமெரிக்காவில் ஒரு சின்ன நகரம், ஒரே ஒரு பேப்பர் மில். அப்பா, இரண்டு மாமாமார், பக்கத்து வீட்டுக்காரர், எல்லாருக்கும் அங்கேதான் வேலை. மில்லில் சங்கு ஊதினால்தான் ஊருக்கே சாப்பாட்டு நேரம்.

டோனா என்று ஒரு சாப்பாட்டுக் கடைக்காரி. என்ன வேண்டும் என்று கேட்கவே மாட்டாவாம். காலில் போட்ட சப்பாத்தில் ஒட்டியிருக்கிற மில் தூளைப் பார்த்து, எந்தப் பகுதி ஆள், எவ்வளவு பசி என்று கண்டுபிடித்துத் தட்டை வைப்பாவாம். டோனாவின் மகள் கலியாணத்தில் கேக் சரிந்த கதையும் உண்டு... அதை விடுங்கள்.

அந்த ஊரை நான் கண்ணால் கண்டதில்லை. ஆனால் என் தெருவில் இருக்கிறவர்களைவிட அந்த ஊர் ஆட்களைத்தான் எனக்குக் கூடுதலாகத் தெரியும்.

மில்லில் ஒரு வழக்கம். அடுத்த ஷிப்ட் ஆள் வந்து தோளில் தட்டி, 'நான் பார்க்கிறேன், நீ வீட்டுக்குப் போ' என்று சொல்லும்வரை யாரும் மெஷினை விட்டு அசையக்கூடாது. ஒருமுறை ஒருவன் சொல்லாமல் போய்விட, ஆளில்லாமல் ஓடிய உருளையில் அண்ணையின் சின்ன மாமாவின் கை போய்விட்டது.

பிறகு மில்லை மூடினார்கள். அண்ணை ஆமியில் சேர்ந்தார். அந்த வழக்கத்தை மட்டும் இங்கே கொண்டுவந்தார்.

நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் மாதம் எனக்கு விசா டெர்மின், கந்தோரில் வரச்சொன்ன நாள். எனக்கு எழுத்து வாசிப்பு குறைவு, உங்களுக்குத் தெரியும்தானே. இதைக்கூட நான் சொல்லச் சொல்ல போன்தான் எழுதுகிறது. அன்றைக்கு வேறு கட்டடத்தில் போய்க் குந்திவிட்டேன்.

வேலைக்கு வந்து சேர நாலரை மணி. இன்னொருதரம் பிந்தினால் வேலை இல்லை என்று எங்களை மேய்க்கிற மேலாள், மைஸ்டர், முதலே சொல்லியிருந்தார். வேலை இல்லையென்றால் விசாவும் இல்லை.

ஓடி வந்து பார்த்தால் அண்ணை மெஷினில் நிற்கிறார். சட்டை முழுக்க வேர்வை.

"மைஸ்டர் மூண்டுதரம் கேட்டவர். மூண்டுதரமும் நீ கக்கூசுக்குப் போயிட்டாய் எண்டு சொன்னனான். இனி வயித்தைப் பிடிச்சுக்கொண்டு நில்லு."

"அண்ணை, மன்னிச்சுக்கொள்ளுங்கோ..."

"கதைக்காதை. தோளைத் தட்டு. எனக்குப் பசிக்குது."

போன ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவர் படுத்திருந்த விரிப்பில் எங்கள் மெஷின் போட்ட மடிப்பு.

கண்ணை முழித்தார். "ரெண்டு மணி ஆள் வந்திட்டானோ?"

எனக்கு விளங்கியது. ஆனால் கை எழும்பவில்லை. தட்டினால் நானே அனுப்பி வைக்கிற மாதிரி...

"இன்னும் நேரம் கிடக்கு, அண்ணை."

"அப்ப நிக்கிறன்."

நாலு நாள் நின்றார். மூச்சு விட அவ்வளவு கஷ்டப்பட்டாராம். இங்கிரிட் சொன்னா.

இப்போது லாண்டரியில் உடுப்பு மாற்றுகிற அறையில் இருந்துதான் போனுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். காலை ஷிப்ட் இப்போது சாந்தி அக்கா. அவவுக்கும் இந்த வழக்கம் பழகிவிட்டது...

"தம்பி! ரெண்டு மணியாச்சு! வந்து தோளைத் தட்டுங்கோ, என்ர பஸ் போகப்போகுது!"

வாறன் அக்கா, வாறன்...

டேல் அண்ணை, நான் வந்திட்டன். இனி நான் பாக்கிறன், நீங்கள் வீட்டுக்குப் போ...