பாக்கெட்டுக்குள் இருந்த கை

மூலிகை கேப்சூல் விற்கும் அந்த மனிதர் எங்கள் மதுக்கரை வீட்டுக்கு மூன்று முறை வந்தார். சலவைச் சட்டை, படிய வாரிய தலை. வலது கை எப்போதும் பேன்ட் பாக்கெட்டுக்குள்ளேயே இருக்கும். காப்பி டம்ளரைக்கூட இடது கையால்தான் வாங்கினார். வேறு யாராவது அப்படி வாங்கியிருந்தால் அம்மா முகம் சுளித்திருப்பாள். அவருடைய பணிவான பேச்சில் அது எங்களுக்கு உறைக்கவில்லை.

அப்பாவுக்குப் பார்க்கின்சன் நோய்.

"திராட்சை விதை, மஞ்சள், எல்லாமே ஆன்டிஆக்ஸிடன்ட்டுங்க. மூளை நரம்பு துருப்பிடிக்கறத நிறுத்திப்போடும். இங்கிலீஷ் மாத்திரைய உட்டுப்போடுங்க அம்மணி" என்றார்.

டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நிறுத்தினோம். இரண்டே மாதத்தில் அப்பாவால் படுக்கையில் புரளக்கூட முடியவில்லை.

கோவைக்கு நரம்பு டாக்டரிடம் அப்பாவைக் கொண்டு ஓடினேன். அங்கே கையில் டோக்கனோடு அந்தக் கேப்சூல்காரர் உட்கார்ந்திருந்தார். பாக்கெட்டுக்கு வெளியே வந்த வலது கை நடுங்கிக்கொண்டிருந்தது. மடியில், அப்பாவை நிறுத்தச் சொன்ன அதே மாத்திரை அட்டை.

"ஏனுங்க, நீங்க இத உட்டுப்போடலீங்களா?"

அவர் பதறவே இல்லை. "இதையும் உட்டா ரெண்டு கையும் நடுங்குமுங்க அம்மணி. அப்பறம் எங்கிட்ட யாரு கேப்சூல் வாங்குவாங்க?"

பிறகு எழுந்து, சக்கர நாற்காலியில் இருந்த அப்பாவை இரண்டு கையாலும் கும்பிட்டார். அதில் துளிகூடப் பொய் இல்லை. இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் அதில்தான்.

அப்பா பதிலுக்குக் கும்பிடப் பார்த்தார். கை எழவில்லை.