மூன்றாம் நாள் மஞ்சள்

என் சிறுநீர் பால் விடாத கோப்பி-ஓ நிறத்தில் போன காலையில் நான் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தேன். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். படிக்கிறவர்களில் யாராவது இந்த நேரம் பாடிக்கொண்டிருக்கலாம்.

பாடியதற்குக் காரணம் இருந்தது. இனிப்பு நீர்க்காரர்களுக்கு, அதாவது சர்க்கரை நோய்க்காரர்களுக்கு, அந்தச் சந்தோஷம் தெரியும். விரல் நுனியைக் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தை மெஷினுக்குக் கொடுத்துவிட்டு, பரீட்சை எழுதின பிள்ளை மாதிரி காத்திருப்போம். அன்றைக்கு நல்ல எண் வந்தது. அதற்கு முதல் வாரமும் நல்ல எண்தான். எனக்கு எழுத்துத் தெரியாது, எண் தெரியும். இதைக்கூட நான் சொல்லச் சொல்ல என் மருமகள் லீலாதான் எழுதுகிறாள். சிறுநீர் சங்கதி வேண்டாமே என்று என்னைப் பார்த்தாள். அதில்தானே எல்லாம் ஆரம்பித்தது, எழுது என்றேன்.

நாங்கள் இருப்பது குனோங் ராபாட்டில், சுண்ணாம்பு மலை அடிவாரத்து வரிசை வீடுகளில். அதற்கு முன்னால் பத்து காஜா என்கிற ஊர்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். என் வீட்டுக்காரர் ரப்பர் பால் எடுக்கப் பால்மரம் வெட்டினார். நான் மருந்து அடிக்கிற கூட்டத்தில் இருந்தேன். முதுகில் பம்பைக் கட்டிக்கொண்டு, வரிசை வரிசையாக, புல்லும் களையும் சாக அடிப்போம். அவருக்கு இனிப்பு நீர் வந்தது. முதலில் கட்டைவிரலை எடுத்தார்கள், பிறகு காலை எடுத்தார்கள், பிறகு அவரே போய்விட்டார். எனக்கும் அதே நோய் என்று கிளினிக்கில் சொன்ன நாளிலிருந்து ராத்திரி படுக்கும்போது என் பாதத்தைத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன். இருக்கிறதா, இருக்கிறது. அப்புறம்தான் தூக்கம்.

பாதம் மதமதவென்று மரத்துப்போக ஆரம்பித்து, இனி ஊசிதான் என்று கிளினிக்கில் பயம் காட்டியபோது எதிர்வீட்டு யாத்தி என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். மலாய்க்காரி, என்னைவிடச் சின்னவள், பள்ளிக்கூட கேண்டீனில் சமைக்கிறவள். நடந்தால் காலுக்கு நல்லது, வா, இலை பறிக்கலாம் என்றாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து போவேன். இந்த வயதில் நான் மோட்டாரில் போவதைப் பார்த்து என் மகன் சரவணன் தலையில் கை வைத்துக்கொண்டான். எனக்கானால் சந்தோஷம் தாங்கவில்லை.

மலை அடிவாரத்தில், ஓடை ஓரத்தில், கடைசியில் என் பழைய தோட்டத்துப் பக்கத்திலேயே போய்ப் பறித்தோம். இப்போது அங்கே பாதி எண்ணெய் எடுக்கிற செம்பனை, பாதி காடு. யாத்தி குனிந்து ஒவ்வொன்றாகக் காட்டினாள். வட்ட இலையாகத் தரையில் படர்வது வல்லாரை. வெற்றிலைக்குத் தங்கச்சி மாதிரி இருப்பது காடுக். நுனி சுருண்டிருக்கும்போதே ஒடிக்க வேண்டியது பாக்கு என்கிற பெரணித் துளிர். புழு கடித்த இலை இருக்கிற இடத்தில் பறி, புழுவே தொடாத இடத்தில் பறிக்காதே என்றாள். அந்த ஒரு பாடத்தில் மட்டும் நான் அவளை முந்திவிட்டேன். மருந்து அடித்த ஓரத்தை எனக்குத் தூரத்திலிருந்தே தெரியும்.

ஒரு வேடிக்கை பாருங்கள். அந்தச் செடிகளெல்லாம் எனக்குப் பழக்கம்தான். ஆனால் செத்த முகம்தான் பழக்கம். மருந்து அடித்த முதல் நாள் ஒன்றும் தெரியாது. இரண்டாம் நாள் இலை கொஞ்சம் சோரும். மூன்றாம் நாள் மஞ்சள். அந்த மஞ்சளைப் பார்த்துத்தான் மண்டோர், அதாவது எங்களை மேய்க்கிற ஆள், வேலை சரி என்று தலையாட்டுவார். வல்லாரை உயிரோடு இருக்கும்போது இவ்வளவு பச்சை என்று நான் நின்று பார்த்ததே இல்லை. அதை இப்போது தேங்காய்ப்பூ போட்டுத் துவையல் அரைத்துத் தின்றேன். உள்ளுக்குள் சிரிப்பாக வந்தது.

அப்புறம்தான் பாத்தாவாலி. உடம்பெல்லாம் பரு பருவாக, மரத்தில் தொங்குகிற தடித்த கொடி. நம் ஆட்கள் அதைச் சீந்தில் என்பார்கள். சீந்தில் வேறு, இது அதன் உறவு என்றும் சொல்கிறார்கள். அதன் கசப்பை எப்படிச் சொல்வது? பாகற்காய் அதன் பக்கத்தில் பாயசம். நாக்கில் பட்டால் காது வரைக்கும் கசக்கும். இனிப்பு நீருக்கு அதைக் குடிக்கிறவர்கள் உண்டு என்று யாத்தி சொன்னாள். விரலைக் காட்டி, 'சத்து ருவாஸ்' என்றாள். ஒரு கணு. அதுவும் எப்போதாவது, மாத்திரையை விடாமல், டாக்டரிடம் கேட்டுவிட்டு.

எனக்கு ஒரு கணு என்ற அளவு பிடிக்கவில்லை. இது தோட்டத்துப் புத்தி. லாலாங் புல் சாகவில்லை என்றால் மண்டோர் என்ன சொல்வார்? இன்னும் ஒரு மூடி ஊற்று என்பார். இரண்டு மூடியில் சாகாதது மூன்று மூடியில் சாகும். இவ்வளவு கசப்பு இருந்தால் இனிப்பு எங்கே நிற்கும் என்று நானே கணக்குப் போட்டேன். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் ஒரு துண்டு நறுக்கி, கறுக்கும் வரை அவித்து, பாட்டிலில் ஊற்றி வைத்துக் குடித்தேன். தினமும் குடித்தேன். எண் இறங்க இறங்கத் துண்டு நீண்டது.

பசி போனது. நல்லதுதானே, சோறு குறைகிறது என்றேன். உடம்பெல்லாம் அரித்தது. கெட்டதெல்லாம் வெளியே போகிறது என்றேன். கோப்பி-ஓ நிறத்தில் போனதற்குக்கூட ஒரு காரணம் வைத்திருந்தேன். லீலாதான் என் கண்ணைப் பார்த்துவிட்டுச் சரவணனைக் கூப்பிட்டாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் மஞ்சள் காமாலை (பித்தம் ரத்தத்தில் ஏறிக் கண்ணும் தோலும் மஞ்சளாவது) என்று பார்த்ததுமே சொல்லிவிட்டார்கள். எதனால் என்றுதான் தெரியவில்லை. ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் செய்தார்கள், கல் இல்லை, கிருமியும் இல்லை. டாக்டர் நம்ம தமிழ்ப் பிள்ளை, சின்னப் பெண். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கேட்டாள்.

"பாட்டி, கசப்பா எதாச்சும் அவிச்சுக் குடிச்சீங்களா?"

"பாத்தாவாலி."

"எவ்வளவு?"

நான் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் காட்டினேன். அவள் பேனாவை மூடிவிட்டாள்.

"ஒரு வாரத்துக்கா?"

"ஒரு நாளைக்குலா."

கல்லீரல் அழற்சி (ஈரல் புண்பட்டு வீங்குவது) என்றாள். குடித்த சாற்றைக் கழித்துக் கழித்து ஈரல் ஓய்ந்துபோய்விட்டதாம். இனிப்பு நீரால் ஏற்கெனவே அதில் கொழுப்பு படிந்திருந்ததாம். எண்தான் நன்றாக இறங்கியதே என்று நான் விடாமல் கேட்டேன். அவள் கோபப்படவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

"நீங்க சாப்பிடவே இல்ல பாட்டி. ஈரலும் வேலை செய்யல. அப்புறம் எண் இறங்காம என்ன செய்யும்?"

அப்படியானால் நான் பாடியதெல்லாம் எதற்காக? வார்டில் படுத்துக்கொண்டு அதையே யோசித்தேன். காலைக் காப்பாற்றப் போய் ஈரலைக் கொடுத்துவிட்டேன். ஈரல் தானாக வளருமா என்று கேட்டேன். வளரக்கூடியதுதான், உங்களுக்கு வளருமா என்று இப்போது சொல்ல முடியாது என்றாள். வளராவிட்டால் என்ன என்பதை அவள் சரவணனை வெளியே கூப்பிட்டுச் சொன்னாள். அவன் திரும்பி வந்த முகத்தைப் பார்த்து நான் தெரிந்துகொண்டேன்.

அடுத்த நாள் தாதி என்னைக் கழிவறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே ஒரு கண்ணாடி. வீட்டில் எல்லோரும் மஞ்சள் மஞ்சள் என்றார்களே தவிர, நான் வெளிச்சத்தில் என்னைப் பார்க்கவில்லை. பார்த்தேன். அந்த மஞ்சள் எனக்குத் தெரியும். வாழ்நாள் பாதி அதை வரிசை வரிசையாகப் பார்த்திருக்கிறேன். மூன்றாம் நாள் மஞ்சள். மண்டோர் பார்த்தால் தலையாட்டியிருப்பார். அந்த மஞ்சளுக்கு வந்த செடி எதுவும் திரும்பிப் பச்சையானதை நான் பார்த்ததில்லை.

இதற்குள் சரவணன் எதிர்வீட்டு கேட்டில் போய் நின்று கத்திவிட்டு வந்திருந்தான். என் அம்மாவுக்கு விஷம் கொடுத்தாய் என்று தெருவே கேட்கச் சொன்னானாம். லீலா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அன்று மாலை அவன் கஞ்சி கொண்டு வந்தபோது சொன்னேன்.

"அவ ஒரு கணுதான்டா சொன்னா. முழங்கை நான் போட்ட அளவு."

"நீங்க அவளுக்கு சப்போர்ட் பண்ணாதீங்கம்மா."

"சப்போர்ட் இல்லடா. நெசம்."

அவன் கஞ்சியை ஆற்றிக்கொண்டே இருந்தான்.

மஞ்சள் மெதுவாக இறங்கியது. முதலில் அரிப்பு போனது, பிறகு கண் வெளுத்தது. இப்படிப் படுத்திருக்கிறவர்களுக்குச் சொல்கிறேன்: கண்ணாடி பார்க்காதீர்கள், சிறுநீரைப் பாருங்கள். அது வெளுத்த தேயிலைத் தண்ணீர் நிறத்துக்கு வந்த அன்று நான் தாதியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவளும் சிரித்துவிட்டாள்.

ஆனால் முழுசாக ஆகவில்லை. ஈரலில் தழும்பு (புண் ஆறிய இடம் இறுகிப்போவது) இருக்கிறது. அது போகாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கிறேன். பழைய மாத்திரைகளில் சிலதை மாற்றி, இன்சுலின் ஊசி போடச் சொல்லிவிட்டார்கள். எந்த ஊசிக்குப் பயந்து காடு மேடெல்லாம் அலைந்தேனோ அதே ஊசி. கீரை சாப்பிடலாமா என்று டாக்டரிடம் கேட்டேன். சோற்றோடு தின்கிற அளவு சாப்பிடுங்கள், பாட்டிலில் அடைக்கிற அளவு வேண்டாம் என்றாள்.

வீட்டுக்கு வந்த பிறகு மெல்ல நடந்து எதிர்வீட்டுக்குப் போனேன். யாத்தி கேட்டைத் திறக்கவில்லை. கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றாள். மலாயில் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். ஒரு கணு என்று சொன்னேனா இல்லையா? சொன்னாய் என்றேன். தலையாட்டிவிட்டு உள்ளே போனாள். இப்போதும் ஞாயிற்றுக்கிழமை அவள் மோட்டார் புறப்படுகிற சத்தம் கேட்கும். பின் சீட் காலியாகத்தான் இருக்கிறது. அது எனக்காகவா, வேறு யாரும் வராததாலா, தெரியாது.

நான் வார்டில் கிடந்தபோது இன்னொன்று நடந்திருந்தது. மிச்சம் வைத்திருந்த கொடித் துண்டுகளை லீலா கோபத்தில் பின்வேலி ஓரம் வீசியிருக்கிறாள். சும்மா மண்ணில் கிடந்தது, வேர் விட்டு, வேலியைப் பிடித்து, என் மார் உயரத்துக்கு ஏறியிருந்தது. என் ஈரல் இன்னும் வளர்ந்து முடியவில்லை, அந்தக் கொடி வளர்ந்துவிட்டது.

சரவணன் களைக்கொல்லி வாங்கி வந்தான். எவ்வளவு தண்ணீருக்கு எவ்வளவு என்று என்னிடம்தான் கேட்டான். என்னைவிட யாருக்குத் தெரியும்?

"எத்தனை மூடிம்மா?"

"ஒரு மூடியும் வேணாம். கடையில திருப்பிக் குடுத்துடு."

"திரும்ப வளரும்லா."

"வளரட்டும். நான் பிடுங்கிக்கிறேன்."

வேலிக்கு அடியில் வல்லாரை படர்ந்திருக்கிறது. அதை நான் இன்னும் தின்கிறேன், ஒரு கைப்பிடி, சோற்றோடு. அது மஞ்சளாவதைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை.

இப்போது எனக்குக் கிழமை, மாதம் எல்லாம் அந்தக் கொடிதான். குனிந்து கையால் பிடுங்குகிறேன். எங்கேயாவது ஒரு துண்டு மண்ணுக்குள் தங்கிவிடுகிறது. அது மறுபடி முளைத்துக் கணுக்கால் உயரத்துக்கு வந்தால் ஊசி மருந்து வாங்கும் நேரம். முழங்காலுக்கு வந்தால் ரத்தம் கொடுக்கும் நேரம். முன்பு ராத்திரியில் பாதத்தைத் தொட்டுப் பார்ப்பேன். இப்போது கை தானாக வலது விலாவுக்குக் கீழே போகிறது. தொட்டால் ஒன்றும் தெரியாது. நகத்துக்குள் போன கசப்பு மட்டும், எத்தனை தடவை கழுவினாலும், சோறு பிசையும்போது நாக்குக்கு வந்துவிடுகிறது.